வண்டியில் இன்னொரு ஆள்

ஹோகிடிகா
மார்ச் 3, 2013

அன்பு மகள் கர்ஸ்டிக்கு,

அம்மா சுகம். முழங்கால் மட்டும் வானிலை அறிக்கையை முந்திக்கொண்டு மழையைச் சொல்லிவிடுகிறது. நீயும் டெஸ் குட்டியும் சுகமா? அவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இல்லை இன்னும் பேசும்போது சீழ்க்கைதான் வருகிறதா?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் முடிக்கிறோம், இனிமேல் எதுவானாலும் கடிதம்தான் என்று நீ சொன்னாய். எனக்கும் அது சரி. இந்த மேற்குக் கரையில் போனைத் தூக்கிக்கொண்டு குன்றின்மேல் ஏறினால்தான் சிக்னலே வருகிறது.

நான் குடியிருக்கிற இந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஆர்தர் கணவாய் ஏறும்போது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்தால் அடிக்கட்டும் என்று அப்பா மாட்டிவைத்த மணி அலறத் தொடங்கியது. ஓரங்கட்டி, இருக்கையைத் தூக்கிப் பார்த்தால், ஹோஸ் ஒன்று வாய் பிளந்து கிடக்கிறது. ஓட்டுகிறவரின் உட்காருமிடத்துக்கு நேர் கீழே இன்ஜினை வைத்த அந்த ஜப்பான்காரர் மட்டும் என் கையில் கிடைத்தால்! வேறு ஹோஸ் மாட்டி, கூலண்ட் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்து, சாயங்காலத்துக்குள் கிளம்பியாயிற்று. யாரையும் கூப்பிடவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

டெஸ்ஸுக்கு ஒரு படம் வைத்திருக்கிறேன். வண்டிப் படியில் நிற்பது வேக்கா பறவை. வாயில் இருப்பது என் தேக்கரண்டி. பறக்கத் தெரியாவிட்டாலும் திருடத் தெரிகிறது.

வழக்கு ஜூனில்தானே? அதையே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. பதிலை வெஸ்ட்போர்ட் தபால் நிலையத்துக்குப் போடு, போய் வாங்கிக்கொள்கிறேன்.

குட்டிக்கு முத்தம்.
அம்மா


டிமாரு
மார்ச் 12

அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். டெஸ்ஸுக்குப் பல் முளைத்துவிட்டது, கோணலாக. உன் முழங்காலுக்கு நான் கொடுத்த மாத்திரையைப் போடுகிறாயா?

என் பிழைப்பு என்னவென்று உனக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, மோதாத காரை மோதியதாகச் சொல்கிறவர்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உன் கடிதத்தையும் அப்படியே படித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த வண்டியில் ஒற்றை ஆளாக ஏர் எடுக்க முடியாது அம்மா. அப்பா பின்பக்கம் குழாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குமிழி வருகிறதா என்று பார்ப்பார். நான் முன்னால் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் மிதிப்பேன். காலை எடுத்தால், "யாருடி அவ தூங்கறது?" என்று கத்துவார். உனக்கு எப்போது பதினைந்து அடிக்குக் கால் நீண்டது?

இன்னொன்று. படத்தில் வேக்காவுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற நீலச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த வண்டியில் இத்தனை பேர் தங்கலாம் என்கிற இடத்தில் இரண்டு என்று இருக்கிறது. அப்பா போனபிறகு நீ அதை ஒன்று என்று மாற்றி வாங்கினாய். நானும் கூட இருந்தேன்.

யார் அது?

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நெல்சனில் எனக்கு வேலை காத்திருக்கிறது. டெஸ்ஸை அங்கே கூட்டிப்போகக் கூடாது என்று டாரில் வழக்கு நடத்துகிறான். விவாகரத்து வாங்கியும் அந்த மனிதனிடமிருந்து எனக்கு விடுதலை இல்லை. என் பக்கத்தில் நான் சொல்லியிருக்கிற பெரிய பலமே நீதான்: என் அம்மா எங்களோடு நெல்சனில் இருப்பாள், பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாட்டி ஊர்பேர் தெரியாத ஒருவரோடு வண்டியில் சுற்றுகிறாள் என்று அவன் வழக்கறிஞருக்குத் தெரிந்தால் என் கதி என்ன? பிள்ளையை இழந்துவிட்டு நான் எப்படி இருப்பேன்?

பதில் போடு. படம் வேண்டாம், பதில்.

கர்ஸ்டி


வெஸ்ட்போர்ட்
மார்ச் 25

என் துப்பறியும் மகளுக்கு,

அம்மா நலம். மாத்திரை போடுகிறேன். கோணல் பல்லுக்குக் கவலைப்படாதே, உனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கணவாய்ப் பக்கம் ஓட்டிராவில் ஹோஸ் மாற்றியபோது பக்கத்தில் லாரி நிறுத்தியிருந்த ஒருவர் மிதியை மிதித்து உதவினார். போதுமா? அவர் பெயர், முகவரி, லாரி எண் எல்லாம் வாங்கிவைக்காதது என் குற்றம்தான்.

சீட்டு விஷயம், டெஸ்ஸுக்காக. விடுமுறைக்கு அவள் வந்து என்னோடு தங்கினால் இரண்டு பேர்தானே? முன்கூட்டியே மாற்றி வாங்கிவிட்டேன். அறுபத்தாறு வயதில் எனக்கு ஆண்துணை தேடித்தர உனக்கு இவ்வளவு அவசரமா? அப்படி ஒருவர் அகப்பட்டால் முதலில் கூரைக்குத் தார் பூச வைப்பேன், பிறகுதான் தேநீர்.

ஆமாம், மேல்கூரை ஒழுகுகிறது. தூக்கி நிறுத்துகிற கூரைத் துணிக்கும் தகரத்துக்கும் நடுவில் தையல் விட்டுப்போயிருக்கிறது. படுக்கையில் ஒரு பக்கம் நனைந்துவிடுகிறது. அந்தப் பக்கத்துக்கு நெகிழித்தாள் விரித்திருக்கிறேன். கடற்கரையில் சிறுமீன் பிடிக்கிறவர்கள் முட்டையில் மீனைப் போட்டு அடை சுட்டுக் கொடுத்தார்கள். நீ இருந்தால் நாலு தின்றிருப்பாய்.

இங்கிருந்து கரமேயா. அந்தச் சாலை முடிகிற ஊர். அங்கே போடு பதிலை.

இப்படிக்கு,
சந்தேகத்துக்குரிய உன் அம்மா


டிமாரு
ஏப்ரல் 4

அம்மா,

நலம். டெஸ்ஸுக்குச் சளி. நீ நலமென்று எழுதினால் நம்ப வேண்டியதுதான், வேறு வழியில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். டெஸ் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா, "மூணுன்னு எழுதி வாங்கிடலாம் ரே, கொழந்தை எவ்ளோ தண்ணி குடிச்சிடப் போவுது" என்றார். நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு அழுக்குநீர்த் தொட்டி என்று விதி இருக்கிறது, கைக்குழந்தையும் ஆள்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாய். கடைசியில் நாங்கள் கூடாரம் அடித்துப் படுத்தோம். எப்போதோ வரப்போகிற பேத்திக்காகப் பெரிய தண்ணீர்த் தொட்டி வாங்கி மாட்டி, சோதனை செய்கிறவருக்குக் காசு கட்டிச் சீட்டு வாங்குகிறவள் நீ இல்லை. இரண்டு பேர் தூங்குவதால்தான் இரண்டு என்று வாங்கியிருக்கிறாய். பெற்ற மகளிடம் பொய் சொல்வாய், சோதனைக்காரரிடம் சொல்ல மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

டெஸ்ஸின் பிறந்தநாளுக்கு நீ குன்றின்மேல் ஏறி போன் செய்து, நாங்கள் எடுக்காமல், குரலைப் பதிந்து வைத்தாயே, அதை மறுபடி மறுபடி கேட்டேன். நீ பாடுகிறாய். பாட்டு முடிகிற இடத்தில் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்கிறது. என்ன சொல்கிறது என்று புரியவில்லை. ஆனால் குரல்தான். இப்போது என்ன சொல்லப் போகிறாய்?

டாரில் வீட்டில் பெவர்லியும் இல்லையாம். டெஸ் வந்து சொன்னாள். "பெவ் பாட்டி ரூம் பூட்டியிருக்கும்மா, அப்பாவக் கேட்டா பேசமாட்டேங்குறாரு." இத்தனை நாள் மகன் வீட்டுப் பின்னறையே உலகம் என்று கிடந்த என் முன்னாள் மாமியாருக்கும் கால் முளைத்துவிட்டது போல. எனக்கென்ன வந்தது, மாமியார் இல்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவது கொஞ்சம் நிம்மதிதான்.

உண்மையை எழுது.

கர்ஸ்டி


கரமேயா
ஏப்ரல் 22

அன்பு கர்ஸ்டி,

பதில் தாமதம். ஹீட்டர் பிளக் ஒன்று போய், காலையில் வண்டி கிளம்ப மறுத்து இங்கேயே கிடந்தோம். டெஸ்ஸுக்குச் சளி விட்டதா? வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கொடு.

நீ கேட்ட பெண்குரல் வண்டிக்காரி. சாவியைத் திருப்பினால் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாளே, அவள்தான். சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்கிறாளாம். பத்து வருஷமாகச் செருகாத அட்டைக்காக இன்றும் மரியாதையாக நினைவூட்டுகிறாள். பொறுமை என்றால் அது.

கர்ஸ்டி, மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். காகிதம் வீணாகும் என்று விட்டுவிட்டேன். 'கிடந்தோம்' என்றும் எழுதிவிட்டேன், அதை நீ எப்படியும் பிடித்துக்கொள்வாய். நீ சொன்னது சரி. வண்டியில் இன்னொரு ஆள் இருக்கிறார். ஆண் இல்லை. திருடர் இல்லை. என்னிடம் எதையும் பறிக்கவும் இல்லை. அதற்குமேல் கேட்காதே. ஜூன் முடியட்டும், நானே சொல்கிறேன். நீ இப்போது தெரிந்துகொண்டால் உனக்கு நல்லதல்ல. அதனால்தான் சொல்லவில்லை.

அம்மாவை நம்பு.
ரேவின்


டிமாரு
மே 1

அம்மாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆஷ்பர்ட்டன் பெட்ரோல் பங்கில் டெஸ்ஸை டாரிலிடம் விட்டேன். எப்போதும் போல பையை வாங்கிக் காரில் போட்டான். கதவை மூடிவிட்டு, சிரித்துக்கொண்டே, "உங்கம்மா கரமேயாவுல நல்லா இருக்காங்களாமே? ஹீட்டர் பிளக் கெடைச்சுதா?" என்றான்.

பங்கிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கிற வரை நகரவில்லை. உன் கடிதம் வந்து முழுதாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. டெஸ்ஸிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் குரலைத் திரும்பக் கேட்டேன். காதில் ஒட்டிவைத்துக் கேட்டேன். "ரே, சக்கரை தீந்துபோச்சு." அவ்வளவுதான் சொல்கிறது. ஆறு வருஷம் ஒரே சமையலறையில் கேட்ட குரல். தேநீருக்கு மூன்று கரண்டி போட்டுக்கொண்டு, தீர்ந்ததற்கு ஊரைக் குறை சொல்கிற குரல். உன் வண்டியில் இருப்பது பெவர்லி.

என் கல்யாணத்தில் நான் செய்த பாவ்லோவா கேக்கைக் கரண்டியால் குத்திப் பார்த்து, "நடுவுல வேகல" என்று நூறு பேர் முன்னால் சொன்னவள். அப்போது நீதானே அவளோடு சண்டைக்குப் போனாய்? சம்பந்திகள் இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைக்க அப்பா பட்ட பாடு மறந்துபோயிற்றா? அதையெல்லாம் விடு. டாரில் என் தலைக்கு நேராகத் தட்டை எறிந்து அது சுவரில் உடைந்த அன்று, அவள் மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கிழங்கை உரித்து முடித்துக் கழுவினாள். அதை உன்னிடம் அழுதுகொண்டே சொன்னேன். நீயும் அழுதாய்.

இப்போது அவளோடு ஒரே படுக்கையில் தூங்குகிறாய். நான் எழுதுவதையெல்லாம் அவள் படிக்கிறாள், மகனுக்குச் சொல்கிறாள். என் வேலை, வீடு, வழக்கு எல்லாம் இப்போது அவன் கையில் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நெல்சனில் நீ எங்களோடு இருப்பாய் என்று எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடப் போகிறேன். பிள்ளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

கர்ஸ்டி


மர்ச்சிசன்
மே 14

கர்ஸ்டி,

பிரிக்க மாட்டேன் என்றாய். பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

ஆமாம், பெவர்லிதான்.

உன் கடிதங்களை அவள் படித்ததில்லை. அவற்றை என் கைப்பைக்குள் வைத்து, பையைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறேன். முதல் வாரத்தில் நானும் உன்னைப்போலத்தான் சந்தேகப்பட்டேன். அவள் கழிப்பறைக்குப் போனால் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். அவளும் கவனித்துவிட்டு, "நல்லா கட்டிப்புடிச்சுக்க, ஓடிடப் போவுது" என்றாள்.

டாரிலுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஊருக்கு ஊர் அவனுக்குத் தபால் அட்டை போடுகிறாள். போடாதே என்று தலையால் அடித்துக்கொண்டேன். "வண்டி நின்னுபோச்சு, ஹீட்டர் பிளக் வாங்கணும், நான் நல்லாருக்கேன்னு எழுதினேன். அதுல என்ன ராஜ ரகசியம்?" என்கிறாள். ஒரு அட்டைக்கும் பதில் வந்ததில்லை. ஒவ்வொரு ஊரிலும் எனக்கு முன்னால் தபால் நிலையத்துக்குப் போய் நிற்கிறாள். எனக்கு உன் கடிதம் இருக்கும். அவளுக்கு ஒன்றும் இருக்காது. திரும்பி வரும்போது எதையாவது குறை சொல்லிக்கொண்டே வருவாள். மழையை, என் கியர் மாற்றத்தை, என் குறட்டையை.

அவள் ஏன் என்னோடு இருக்கிறாள் என்பதை மட்டும் எழுத மாட்டேன். யாராவது உன்னைக் கேட்டால், தெரியாது என்று நீ சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். உனக்குப் பொய் சொல்ல வராது. என்னிடமிருந்து அந்தத் திறமை உனக்கு வரவில்லை.

நெல்சனுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றாய். அதைப் படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா போனபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. போகட்டும். நீ சாப்பிடு. பிள்ளைக்குக் குளிர்கால மேற்சட்டை சின்னதாகியிருக்கும், பார்.

அம்மா


ரீஃப்டன்
ஜூன் 9

கர்ஸ்டிக்கு,

பதில் இல்லை. தபால் நிலையத்துப் பெண், "உங்களுக்கும் இல்லீங்க, அவங்களுக்கும் இல்லீங்க" என்றாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான்.

இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது, உறைபனி. காலையில் ஜன்னலின் உள்பக்கம் பனி சுரண்டுகிறோம். வண்டிக்குள் சூடேற்றுகிற டீசல் ஹீட்டர் புகை கக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஒரே கரி. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினேன். ஒரு நாள் ஓடியது. இன்ஜினிலும் கூலண்ட் குறைந்து, மறுபடி ஏர் எடுக்க வேண்டி வந்தது. பெவர்லி மிதி மிதித்தாள். உன் அப்பா சத்தம்போட்டது நினைவுக்கு வந்து நானும், "யாருடி அவ தூங்கறது?" என்றேன். "ஒங்கூட இருந்தா தூக்கம் வேற வருமா?" என்றாள்.

அடுத்த வாரம் வழக்கு. நான் வர வேண்டாம் என்று உன் வழக்கறிஞர் போன வாரமே எழுதியிருந்தார். சரி. அன்று காலை நிறைய சாப்பிட்டுவிட்டுப் போ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கோபம் வந்தால் தண்ணீர் குடி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா


டிமாரு
ஜூன் 30

அம்மா,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன். ஹீட்டர் வேலை செய்கிறதா? முழங்கால்?

உன் இரண்டு கடிதங்களையும் நேற்று இரவுதான் பிரித்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெயித்துவிட்டோம். பள்ளி ஆண்டு முடிந்ததும் டெஸ்ஸை நெல்சனுக்கு அழைத்துப் போகலாம். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பகலில் மட்டும் டாரில் அவளைப் பார்க்கலாம். இரவு தங்க வைக்கக் கூடாது.

டெஸ்ஸுக்காக நீதிமன்றம் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் அறிக்கை வாசித்தார். அதில் பெவர்லி பெயர் வந்தது. நான் நிமிர்ந்தேன். டாரில் குனிந்தான். வார இறுதிகளில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது தான்தான், மகன் அல்ல என்று பெவர்லி அவரிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளி இரவு போனால் ஞாயிறு மதியம்தான் வருவான். ஒருமுறை தான் இல்லாத சமயம் பிள்ளையை மதுக்கடை வாசலில் காருக்குள் தூங்க வைத்துவிட்டு உள்ளே போனான். பக்கத்துக் கடைக்காரர் போன் செய்ததும் தான் போய்த் தூக்கி வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அம்மா, எனக்கு இது தெரியாது. டெஸ் சொன்னதே இல்லை. உருளைக்கிழங்கு உரித்த அந்த நாளையும் சொல்லியிருக்கிறார். தட்டு எந்தச் சுவரில் பட்டது என்பது உட்பட.

இதைச் சொல்லப்போகிறேன் என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். "மறைச்சு வெச்சு சொன்னா அது கோள். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாராம். அன்றே அவன் அவர் பெட்டியை வெளியே வைத்துவிட்டான். இப்போது எங்கே இருக்கிறார் என்று வழக்கறிஞர் கேட்டதற்கு, "சம்பந்தி வண்டியில" என்றாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இருந்திருக்கிறீர்கள். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

டாரிலின் வழக்கறிஞர் எழுந்து, நானும் நீயும் சேர்ந்து கிழவியை மயக்கிச் சொல்ல வைத்தோம் என்றார். பெவர்லியோடு உனக்கு என்ன தொடர்பு என்று என்னைக் கேட்டார். ஒரு தொடர்பும் இல்லை, அவர் என் அம்மாவோடு இருப்பது தெரிந்து மே மாதத்திலிருந்து அம்மாவோடு பேச்சையே விட்டுவிட்டேன், இனி என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதிவிட்டேன் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வழக்கறிஞரை அதற்குமேல் கேட்க விடவில்லை. உன்னைத் துரத்திய என் கோபம்தான் எனக்குச் சாட்சியாக நின்றது. இதற்காகத்தான் நீ வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாயா? நான் என்னவெல்லாம் எழுதினேன்!

வா அம்மா. நெல்சனில் நீதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு ஆள் யாருமில்லை, தேடவும் இல்லை. அத்தையையும் கூட்டிக்கொண்டு வா. அவர் இங்கே, எங்களோடு இருக்கட்டும். நான் சொல்வதைவிட நீ சொன்னால் கேட்பார் என்று தோன்றுகிறது. இந்த உறைபனியில் இரண்டு கிழவிகளும் வண்டியில் கிடக்க வேண்டாம்.

உன்,
கர்ஸ்டி


ரீஃப்டன்
ஜூலை 8

கர்ஸ்டிக்கு,

பெவர்லி எழுதுவது. நான் சுகம். உன் அம்மாவும் சுகம், கீழே வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு யாரையோ திட்டுகிறாள். உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை பையைத் திறந்து அவளே எடுத்தாள்.

எனக்குக் கடிதம் எழுதி வராது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நன்றி என்று நீ எழுதவில்லை. நல்லது. எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். உனக்காகச் சொல்லவில்லை. பிள்ளைக்காகச் சொன்னேன். அவளைத் தூக்கி வந்த அன்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பாகிட்ட நான் எழுந்துட்டேன்னு சொல்லாதீங்க" என்றாள். அதற்குப்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தை என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். உன் அம்மா வருவாள், அவளை அனுப்பிவைக்கிறேன். அதற்குள் இந்த வண்டியை ஓட்ட எனக்குக் கற்றுத் தருகிறேன் என்கிறாள், அவள் ஓட்டுவதைப் பார்த்தபிறகு அதில் எனக்கு நம்பிக்கையில்லை. இங்கே வாடகைக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, கேட்டிருக்கிறேன். உன் மேஜையில் உட்கார்ந்தால் என்றாவது ஒருநாள் அவனைத் திட்டுவாய். திட்ட உனக்கு உரிமை இருக்கிறது. உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவன் நான் பெற்றவன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதனால் அவன் எனக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

விடுமுறையில் பிள்ளையை ஒருமுறை அழைத்து வா. பாவ்லோவா செய்கிறேன். நடுவில் வேகுமா என்று நீயே குத்திப் பார்க்கலாம்.

ஒரு உதவி கேட்க வேண்டும். கேட்பதற்கு எனக்கு வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்ரோல் பங்கில் அவனைப் பார்ப்பாய். இப்போது அவன் முகத்தைப் பார்க்கிறவள் நீ ஒருத்திதான். அவனோடு நீ பேச வேண்டாம், நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம். சமைத்துப் பழகாதவன், தனியாக இருக்கிறான். பிள்ளையை இறக்கிவிடும்போது, மெலிந்திருக்கிறானா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்து எனக்கு எழுது.

பெவர்லி